நெதர்லாந்தில் போட்டிச் சேனல்கள் கூட்டாக நடத்தும் என்எல்ஸீட்: எப்படி நிற்கிறது, வாங்கலாமா?

கேள்வி: ஐந்தோவனில் வேலை கிடைத்து வந்திருக்கிறேன். இணைய இணைப்போடு டிவியும் சேர்த்து எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, கூட வேலை பார்க்கும் டச்சுக்காரர் "டிவி பாக்ஸ் எல்லாம் எதற்கு, என்எல்ஸீட் போதுமே" என்றார். அரசு சேனலும் தனியார் சேனல்களும் சேர்ந்து நடத்தும் ஸ்ட்ரீமிங் சேவையாம். ஒருவர் பார்வையாளரை இன்னொருவர் பறிக்கப் பார்க்கும் சேனல்கள் எப்படி ஒன்று சேர்ந்தார்கள்? இது எத்தனை நாள் தாங்கும்? காசு கொடுத்து வாங்கலாமா?

பதில்:

உங்கள் நண்பர் சொன்னது பெரும்பாலும் சரி. வாங்குவதா வேண்டாமா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். "எப்படி ஒன்று சேர்ந்தார்கள்" என்று கேட்டீர்களே, அதுதான் சுவாரசியமான பகுதி. இதே யோசனையை ஐரோப்பாவில் பெரிய பெரிய நாடுகள் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டிருக்கின்றன. நெதர்லாந்தில் மட்டும் 2014 முதல் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. என் கணிப்பு இதுதான்: முதலாளிகள் உயிராய் நினைக்கும் எதையும் என்எல்ஸீட் அவர்களிடம் கேட்கவில்லை. அதனால் பிழைத்தது. அதனாலேயே ஓர் அளவுக்கு மேல் வளரவும் முடியவில்லை.

முதலில் முதலாளிகள் யார் என்று பார்ப்போம். மூன்று பேர். என்பிஓ என்ற பொது ஒளிபரப்பு அமைப்பு; ஆர்டிஎல் என்ற தனியார் நிறுவனம்; எஸ்பிஎஸ் சேனல்களை வைத்திருக்கும் தால்பா என்ற இன்னொரு தனியார் நிறுவனம். என்பிஓவை "அரசு சேனல்" என்று நாம் சொல்லிவிடுகிறோம், ஆனால் தூர்தர்ஷனை மனத்தில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தால் தப்பாகப் போய்விடும். பணம் அரசு பட்ஜெட்டிலிருந்தும் விளம்பரத்திலிருந்தும் வருகிறது. முன்பு வீட்டுக்கு வீடு வசூலித்த டிவி கட்டணத்தை 2000-இல் எடுத்துவிட்டார்கள். ஆனால் நிகழ்ச்சிகளைச் செய்வது பெரும்பாலும் உறுப்பினர் சந்தாவில் பிறந்த சங்கங்கள். கத்தோலிக்கர்களுக்கு ஒன்று, சீர்திருத்தக் கிறித்தவர்களுக்கு ஒன்று, சோஷலிஸ்டுகளுக்கு ஒன்று என்று 1920-களில் வானொலிக்காகத் தொடங்கியவை அவை. சில இன்று இணைந்து கேஆர்ஓ-என்சிஆர்வி, ஆவ்ரோட்ராஸ், பிஎன்என்வாரா என்று இரட்டைப் பெயரோடு இருக்கின்றன. விபிஆர்ஓ 1926-லிருந்து தனியாகவே இருக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கென்று மாக்ஸ் என்று ஒரு சங்கம்கூட உண்டு.

இந்தச் சங்கங்கள் ஒன்றோடொன்று கொள்கையில் ஒத்துப்போவதே இல்லை. இருந்தாலும் ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக ஒரே அலைவரிசையை நேரம் பிரித்து வைத்து வாழ்ந்திருக்கின்றன. திங்கள் மாலை உனக்கு, செவ்வாய் மாலை எனக்கு என்று. ஹில்வர்சம் என்ற ஊரில் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களில் இருந்துகொண்டு, ஒருவரை ஒருவர் விமர்சித்துக்கொண்டே, அதே ஸ்டுடியோவை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது அங்கே பழகிப்போன விஷயம். எதிராளியோடு ஒரே கூரைக்கு அடியில் உட்காருவது இவர்களுக்குப் புதிதல்ல. இது ஒரு சின்னக் காரணம்தான், ஆனாலும் வெளியிலிருந்து வருகிறவர்கள் கவனிக்காமல் விட்டுவிடுகிற காரணம்.

தனியார் சேனல்களின் கதை வேறு. 1980-களின் கடைசி வரை நெதர்லாந்துச் சட்டம் வணிக டிவிக்கு இடமே கொடுக்கவில்லை. அதனால் 1989 அக்டோபரில் ஆர்டிஎல்-வெரோனிக் என்று ஒரு சேனல் லக்சம்பர்க் உரிமத்தோடு உள்ளே வந்தது. நிகழ்ச்சி டச்சு, பார்வையாளர் டச்சு, காகிதத்தில் மட்டும் வெளிநாடு! அதுதான் இன்றைய ஆர்டிஎல் 4. 1995-இல் எஸ்பிஎஸ் 6 வந்தது. இப்போது ஆர்டிஎல் பக்கம் 4, 5, 7, 8 என்று வரிசை. தால்பா பக்கம் எஸ்பிஎஸ் 6, நெட் 5, வெரோனிகா, எஸ்பிஎஸ் 9. மாலை எட்டு மணிக்கு என்பிஓ 1-இல் செய்தி, அதே நேரத்தில் ஆர்டிஎல் 4-இல் நெடுந்தொடர். போட்டி என்றால் நிஜமான போட்டி.

சரி, இவர்களை ஒன்றாக்கியது எது? பயம்தான். நெட்ஃபிளிக்ஸ் 2013 செப்டம்பரில் நெதர்லாந்துக்கு வந்தது. பெரும்பாலானோருக்கு ஆங்கிலம் தெரிந்த நாடு, வீட்டுக்கு வீடு நல்ல இணையம், அயல்நாட்டுத் தொடர்களை டப்பிங் இல்லாமல் வசனவரியோடு பார்த்துப் பழகியவர்கள். நெட்ஃபிளிக்ஸுக்கு இதைவிடத் தோதான களம் கிடைக்காது. பின்னாளில் தன் ஐரோப்பியத் தலைமையகத்தையே அது ஆம்ஸ்டர்டாமுக்குக் கொண்டுவந்தது. இந்தப் பக்கம் டச்சு நிகழ்ச்சியை இணையத்தில் பார்க்க விரும்புகிறவர் என்பிஓவுக்கு ஒரு தளம், ஆர்டிஎல்லுக்கு ஒன்று, எஸ்பிஎஸ்ஸுக்கு ஒன்று என்று மூன்று இடம் ஏறி இறங்க வேண்டியிருந்தது. மூன்றையும் ஒரே செயலியில் வைத்து, மாதம் எட்டு யூரோவுக்குள் ஒரு விலை போட்டு விற்கலாம் என்றுதான் என்எல்ஸீட் தொடங்கியது.

தொடங்கியபோது அதில் நேரலை கிடையாது. ஒளிபரப்பாகி முடிந்த நிகழ்ச்சிகளைத் திரும்பப் பார்க்க மட்டும்தான் முடியும். என்பிஓ அந்தச் சேவையை 2003-லிருந்தே வேறொரு பெயரில் இலவசமாகக் கொடுத்து மக்களைப் பழக்கி வைத்திருந்தது. இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்ததற்கு எதற்குக் காசு என்று பலரும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆரம்ப ஆண்டுகளில் இதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

அங்கேயே நின்றிருந்தால் இன்று நீங்கள் இதைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டீர்கள். திருப்பம் நேரலைச் சேனல்களைச் சேர்த்ததில் வந்தது. முதலாளிகளின் சேனல்கள் வந்தன, பிறகு வெளிச் சேனல்களும், பெல்ஜியத்தின் டச்சு பேசும் பகுதியின் (பிளமிஷ்) பொதுச் சேனல்கள் உட்படச் சேர்ந்தன. தொடங்கிவிட்ட நிகழ்ச்சியை முதலிலிருந்து பார்ப்பது, போன வாரத்து நிகழ்ச்சியைத் தேடி எடுப்பது என்று கேபிள் பாக்ஸ் செய்யும் வேலையெல்லாம் செயலிக்குள் வந்துவிட்டது. அதற்கு அப்புறம் இதை நெட்ஃபிளிக்ஸோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, கேபிளுக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளலாம் என்று மக்கள் பார்க்க ஆரம்பித்தார்கள். போட்டியாளர் மாறினார். அமெரிக்காவின் பணத்தோடு மோத வேண்டிய கட்டாயம் போய், மாதாந்திர டிவி பில்லோடு மோதினால் போதும் என்றானது.

இது நெதர்லாந்தில் ஏன் பெரிய விஷயம் என்றால், உலகிலேயே கேபிள் அதிகம் பரவியிருந்த நாடுகளில் இது ஒன்று. 1990-களில் பத்து வீட்டில் ஒன்பதுக்கு மேல் கேபிள் இருந்தது. கூரையில் ஆன்டெனாவே பார்க்க முடியாது. இன்று அந்தக் கேபிளின் பெரும்பகுதி ஸிகோ என்ற நிறுவனத்திடம். எதிர்ப்பக்கம் தொலைபேசி வயரிலிருந்து ஃபைபருக்கு மாறிய கேபிஎன். இரண்டுமே இணையம், டிவி இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்பதில் கெட்டி. இணையம் மட்டும் போதும் என்று எடுத்துக்கொண்டு, டிவியைத் தனியாக வேறு இடத்தில் வாங்கலாம் என்ற வழி அதுவரை பெரும்பாலான வீடுகளுக்குத் தோன்றவே இல்லை. சொந்தமாக டிவி சேவை இல்லாத சில சிறிய இணைய நிறுவனங்கள் என்எல்ஸீட்டையே தங்கள் இணைப்போடு சேர்த்து விற்கின்றன.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. கேபிள் நிறுவனங்கள் சேனல்களைக் கொண்டுபோவதற்குச் சேனல்காரர்களுக்குப் பணம் கொடுக்கின்றன. வணிகச் சேனல்களுக்கு விளம்பரத்துக்கு அடுத்த முக்கியமான வருமானங்களில் அதுவும் ஒன்று. என்எல்ஸீட்டை ரொம்ப மலிவாக, ரொம்பக் கவர்ச்சியாக ஆக்கினால், அந்த வருமானத்தின் அடியைத் தாங்களே வெட்டிக்கொண்ட மாதிரி ஆகும். முற்றிலும் கைவிட்டால், கேபிள்காரர்களிடம் பேரம் பேசும்போது "எங்களுக்கு வேறு வழியும் உண்டு" என்று சொல்ல முடியாது. ஆகவே முதலாளிகளுக்கு இது உயிரோடு இருக்கவும் வேண்டும், மிஞ்சிப் போகவும் கூடாது. வெளிப்படையாக யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் விலையையும் வசதிகளையும் பார்த்தால் இந்தக் கணக்கு தெரிகிறது.

இன்னொரு பக்கம், ஒவ்வொருவரும் சொந்தக் கடையையும் மூடவில்லை. ஆர்டிஎல்லுக்கு வீடியோலேண்ட் என்ற சந்தா ஸ்ட்ரீமிங் சேவை இருக்கிறது. 2013-இல் வாங்கி, பிறகு அதில்தான் உண்மையான முதலீட்டைக் கொட்டியது. தால்பாவுக்குக் கைக் என்ற செயலி. என்பிஓவுக்கு இலவசமாக என்பிஓ ஸ்டார்ட், கொஞ்சம் காசு கொடுத்தால் என்பிஓ ப்ளஸ். நல்ல சரக்கு எங்கே போகிறது என்று பார்க்க ஒரே உதாரணம் போதும். 1990 அக்டோபரில் தொடங்கி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டிஎல் 4-இன் நெடுந்தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் ஜிடிஎஸ்டி என்று சொல்வார்கள். திங்கள் ஒளிபரப்பான பகுதியை என்எல்ஸீட்டில் அன்றோ அதற்குப் பிறகோ பார்க்கலாம். செவ்வாய் வரப்போகும் பகுதியைத் திங்களே பார்க்க வேண்டுமா? அதற்கு வீடியோலேண்ட் சந்தா வேண்டும். என்பிஓ ப்ளஸ்ஸிலும் சில நாடகத் தொடர்களின் எல்லாப் பகுதிகளும் டிவியில் வருவதற்கு முன்பே கிடைக்கும். முன்கூட்டிப் பார்க்கும் ஆவலுக்கு விலை போட்டு, அதைத் தனித்தனிக் கல்லாவில் போட்டுக்கொள்கிறார்கள். பொதுக் கடைக்கு வருவது ஒளிபரப்பாகிவிட்ட சரக்கு.

குறையாகத் தோன்றும் இந்த ஏற்பாடுதான் கூட்டைக் காப்பாற்றியது என்கிறேன். மற்ற நாடுகளில் நடந்ததைப் பாருங்கள்.

பிரிட்டனில் பிபிசியின் வணிகப் பிரிவு, ஐடிவி, சேனல் 4 மூவரும் 2007-இல் கங்காரு என்ற பெயரில் ஒரு கூட்டுத் தளம் கட்டத் தொடங்கினார்கள். நெட்ஃபிளிக்ஸ் பிரிட்டனுக்கு வர இன்னும் நான்கு ஆண்டுக்கு மேல் இருந்தது. 2009 பிப்ரவரியில் அங்கிருந்த போட்டி ஆணையம் தடுத்துவிட்டது. மூவரும் சேர்ந்தால் பிரிட்டிஷ் நிகழ்ச்சிகளை இணையத்தில் விற்கும் சந்தை மொத்தமும் அவர்கள் கைக்குப் போய்விடும் என்பது காரணம். ஒழுங்குமுறை அதிகாரிகள் பக்கத்துத் தெருப் போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நெட்ஃபிளிக்ஸ் இருக்கும் கலிஃபோர்னியாவைப் பார்க்கவில்லை. ஜெர்மனியில் ஆர்டிஎல்லும் ப்ரோசீபனும் சேர்ந்து ஒரு தளம் கட்ட நினைத்ததை 2011-இல் அங்குள்ள கார்ட்டல் அலுவலகம் இதே போல நிறுத்தியது.

பிரான்சின் கதைதான் எனக்கு எப்போதும் பாடமாகத் தெரிவது. பிரான்ஸ் டெலிவிசியோன், டிஎஃப்1, எம்6 மூன்றும் சேர்ந்து 2020 அக்டோபரில் சால்ட்டோ என்ற சேவையைத் தொடங்கின. பொதுச் சேனல் ஒன்று, தனியார் இரண்டு: அப்படியே டச்சு அமைப்பு. ஆனால் கனவு பெரிது. நெட்ஃபிளிக்ஸுக்குப் பிரெஞ்சு பதில் என்று விளம்பரம். வெளிநாட்டுத் தொடர்களை வாங்கினார்கள், சொந்தத் தொடர்களைத் தேடினார்கள், பணம் கரைந்தது. இதற்கு நடுவில் 2021-இல் டிஎஃப்1-உம் எம்6-உம் இணையப் போவதாக அறிவித்தன. அப்படியானால் சால்ட்டோவில் பிரான்ஸ் டெலிவிசியோனுக்கு என்ன வேலை? அது விலகிக்கொள்வதாகச் சொன்னது. 2022 செப்டம்பரில் அந்த இணைப்பு முறிந்தது. 2023 மார்ச்சில் சால்ட்டோவை மூடிவிட்டார்கள். இரண்டரை ஆண்டுகூட ஆகவில்லை.

ஏறக்குறைய அதே மாதங்களில் நெதர்லாந்திலும் அதே நாடகம் அரங்கேறியது என்பது பலருக்கு நினைவில் இருக்காது. 2021 ஜூனில் ஆர்டிஎல்லும் தால்பாவும் இணையப் போவதாக அறிவித்தன. 2023 தொடக்கத்தில் நெதர்லாந்தின் நுகர்வோர், சந்தை ஆணையமான ஏசிஎம் மறுத்துவிட்டது. இருவரும் சேர்ந்தால் டிவி விளம்பர விலையை ஏற்ற முடியும், கேபிஎன், ஸிகோ போன்றவர்களிடமிருந்து கூடுதலாகக் கறக்க முடியும் என்று சொன்னது. சால்ட்டோவைக் கொன்ற அதே வகைக் குழப்பம். என்எல்ஸீட் மட்டும் அசையவில்லை. ஏன்? அது யாரையும் பெரிய நஷ்டத்தில் தள்ளவில்லை, யாருடைய எதிர்காலத் திட்டத்துக்கும் குறுக்கே நிற்கவில்லை. அபார்ட்மென்ட் லிஃப்ட் மாதிரி. மேல் வீட்டுக்காரரும் கீழ் வீட்டுக்காரரும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தாலும் பராமரிப்புப் பணத்தை இருவரும் கட்டிவிடுவார்கள்.

"எத்தனை நாள் தாங்கும்" என்று கேட்டிருந்தீர்கள். முதலாளிகள் மாறியதை எண்ணிப் பார்த்தால் ஒரு பதில் கிடைக்கும். என்எல்ஸீட் தொடங்கியபோது எஸ்பிஎஸ்ஸில் பெரும் பங்கு ஃபின்லாந்தின் சனோமா நிறுவனத்திடம் இருந்தது. 2017-இல் ஜான் டி மோல் அதை முழுமையாக வாங்கித் தன் தால்பாவுக்குள் கொண்டுவந்தார். பிக் பிரதரையும் தி வாய்ஸையும் உருவாக்கியவர் அவர்தான். விஜய் டிவி பார்க்கும் வீட்டில் பிக் பாஸ் ஓடுகிறதென்றால் அதன் வேர் ஹில்வர்சம் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆர்டிஎல் நெதர்லாந்தை, ஜெர்மன் பெர்டெல்ஸ்மனின் பிடியிலிருந்த ஆர்டிஎல் குழுமம், பெல்ஜியத்தின் டிபிஜி மீடியாவுக்கு 110 கோடி யூரோவுக்கு விற்பதாக 2023 டிசம்பரில் அறிவித்தது. செய்திச் சுதந்திரம் தொடர்பான நிபந்தனைகளோடு ஏசிஎம் சம்மதித்த பிறகு 2025 கோடையில் கைமாறியது. மூன்று முதலாளிகளில் இருவர் மாறிவிட்டார்கள். சேவை அப்படியே இருக்கிறது.

இனிமேலும் இப்படியே போகுமா என்பதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. டிபிஜி நெதர்லாந்தின் பெரிய நாளிதழ்கள் பலவற்றையும் வைத்திருக்கிறது. டிஜிட்டல் சந்தா விற்பதில் கைதேர்ந்த நிறுவனம். நாளிதழையும் வீடியோலேண்டையும் ஒரே சந்தாவில் கட்டி விற்கும் ஆசை அவர்களுக்கு வராமல் இருக்காது. அப்படி வீடியோலேண்டுக்குள் எல்லாவற்றையும் இழுக்க ஆரம்பித்தால் பொதுக் கடைக்கு வரும் சரக்கு இன்னும் மெலியலாம். இன்னொரு பக்கம் என்பிஓவுக்குப் பண நெருக்கடி. 2024-இல் அமைந்த கூட்டணி அரசு பொது ஒளிபரப்பில் ஆண்டுக்கு 10 கோடி யூரோ குறைப்பதாகத் தன் ஒப்பந்தத்திலேயே எழுதியது. பணம் குறையும்போது, தனியாகச் செயலி கட்டுவதைவிடக் கூட்டாகச் செய்வது மலிவு என்ற எண்ணம் வலுக்கும். ஆக, ஒருவர் வெளியே இழுக்க, இன்னொருவர் உள்ளே தள்ளுகிற நிலை. நான் பந்தயம் கட்டுவதாக இருந்தால், என்எல்ஸீட் இருக்கும் என்ற பக்கம் கட்டுவேன். பிரிட்டனிலும் இப்போது இதே திசைக்குத்தான் வந்திருக்கிறார்கள்: 2024 ஏப்ரலில் பிபிசி, ஐடிவி, சேனல் 4, சேனல் 5 சேர்ந்து ஃப்ரீலி என்ற சேவையைத் தொடங்கின. நேரலைச் சேனல்கள், ஆன்டெனா இல்லாமல் இணையம் வழியாக, இலவசமாக. கங்காருவைவிட மிகச் சின்னக் கனவு. தடுப்பாரும் இல்லை.

இலவசம் என்றதும் "வரிப்பணத்தில் நடக்கும் என்பிஓவுக்கு என்எல்ஸீட்டில் ஏன் மறுபடி காசு" என்று உங்களுக்குத் தோன்றலாம். டச்சுக்காரர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். ஒளிபரப்புக்கு வாங்கிய உரிமை வேறு, மாதக்கணக்கில் இணையத்தில் வைத்திருப்பதற்கான உரிமை வேறு. எழுத்தாளர், நடிகர், இசையமைப்பாளர் எல்லாருக்கும் அதற்குத் தனிக் கணக்கு என்பது அதிகாரபூர்வப் பதில். பதிலில் உண்மை இருக்கிறது. ஆனாலும் என்பிஓவின் மூன்று சேனல்களை மட்டும் பார்ப்பவர் என்எல்ஸீட் வாங்கத் தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவற்றை என்பிஓ ஸ்டார்ட்டில் நேரலையாக இலவசமாகவே பார்க்கலாம்.

இதே உரிமைச் சிக்கலால் வரும் இன்னொரு எரிச்சலையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். இரவு ஆர்டிஎல் 7-இல் ஒரு ஹாலிவுட் படம் போகிறது, பாதியில் தூங்கிவிட்டீர்கள், மறுநாள் மீதியைப் பார்க்கலாம் என்று தேடினால் படம் இருக்காது. திரும்பப் பார்க்கும் உரிமையை ஸ்டுடியோ வேறு யாருக்காவது விற்றிருக்கும். டச்சு நிகழ்ச்சிகளில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. வெளிநாட்டுப் படத்துக்காக யாரும் என்எல்ஸீட் வாங்க வேண்டாம்.

அடுத்தது தாமதம். நீங்கள் கால்பந்து பார்ப்பவராக இருந்தால் இதைக் கவனியுங்கள். இணைய நேரலையில் படத்தைச் சில வினாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் நாலைந்து தரத்தில் தயாரித்து, பூட்டுப் போட்டு அனுப்புகிறார்கள். உங்கள் டிவி ஒன்றிரண்டு துண்டுகளைக் கையிருப்பில் வைத்துக்கொண்டுதான் ஓட்டத் தொடங்கும். இல்லாவிட்டால் வைஃபை கொஞ்சம் தடுமாறினாலே படம் நின்றுவிடும். இந்தக் கையிருப்புதான் தாமதம். கேபிளைவிட அரை நிமிடம்வரைகூடப் பின்தங்கலாம். உலகக் கோப்பையில் நெதர்லாந்து ஆடும் இரவில், தெருவெல்லாம் ஆரஞ்சுத் தோரணம் கட்டியிருக்கும்போது, பக்கத்து வீட்டில் கத்துவது கேட்கும். உங்கள் திரையில் பந்து இன்னும் நடுக்களத்தில் இருக்கும். பெரிய போட்டித் தொடர்கள் வரும்போதெல்லாம் எந்த இணைப்பில் கோல் முதலில் தெரிகிறது என்று டச்சு ஊடகங்களே அளந்து செய்தி போடுவது வழக்கம். லீக் ஆட்டங்களின் முழு நேரலை கட்டணச் சேனலில்தான். ஞாயிறு மாலை ஏழு மணிக்கு என்பிஓ 1-இல் வரும் தொகுப்பு போதும் என்பவர்களுக்கு இந்தத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை.

ஊர் விட்டு ஊர் போனால்? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 ஏப்ரல் முதல் ஒரு விதி இருக்கிறது: சொந்த நாட்டில் காசு கட்டிப் பார்க்கும் சேவை, ஒன்றியத்துக்குள் வேறு நாட்டில் தற்காலிகமாகத் தங்கியிருக்கும்போதும் அப்படியே வேலை செய்ய வேண்டும். கோடையில் கேரவனை இழுத்துக்கொண்டு பிரான்சுக்குப் போகும் டச்சுக் குடும்பங்களுக்கு இது பெரிய வரம். லண்டனுக்குப் போனால் இந்த விதி செல்லாது, பிரெக்ஸிட் புண்ணியம். சென்னைக்கு விடுமுறையில் வரும்போதும் செயலி திறக்கும், நிகழ்ச்சி ஓடாது. அதை நம்பி வராதீர்கள்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக வந்தவருக்கு டச்சு டிவியின் முதல் பயன் மொழி. இங்கே சட்டமே கொஞ்சம் உதவுகிறது: என்பிஓ தன் டச்சு நிகழ்ச்சிகளில் குறைந்தது 95 விழுக்காட்டுக்கு டச்சு வசனவரி கொடுக்க வேண்டும். காது கேளாதவர்களுக்காக வைத்த விதி, மொழி கற்பவர்களுக்கும் அப்படியே பொருந்துகிறது. கேபிளில் இதை டெலிடெக்ஸ்ட் எனும் டிவித் திரை எழுத்துச் சேவையின் 888-ஆம் பக்கத்தில் திறப்பார்கள், செயலியில் ஒரு பொத்தான். பெரிய வணிகச் சேனல்களுக்கு இந்த அளவு பாதிதான், அதனால் ஆர்டிஎல்லில் எல்லாவற்றுக்கும் எதிர்பார்க்காதீர்கள். முதலில் எட்டு மணிச் செய்தியோடு மல்லுக்கட்டாமல், சிறுவர்களுக்கான ஜூக்ட் ஜர்னாலிலிருந்து தொடங்குங்கள். 1981-லிருந்து வரும் குழந்தைகள் செய்தி அது. அன்றைய அதே உலகச் செய்தியைத்தான் சொல்வார்கள், ஆனால் வாக்கியம் சின்னது, பேச்சு தெளிவு, அரசியல் என்றால் பின்னணியையும் விளக்குவார்கள். மொழித் தேர்வுக்குப் படிப்பவர்கள் பலர் இதைத்தான் பார்க்கிறார்கள். இதற்கெல்லாம் என்பிஓ ஸ்டார்ட் போதும், செலவு இல்லை.

என்எல்ஸீட்டுக்குக் காசு கொடுக்க வேண்டிய இடம், நீங்கள் ஆர்டிஎல், எஸ்பிஎஸ் பக்கமும் போகத் தொடங்கும்போது. மதிய உணவு மேசையில் பேச்சில் கலந்துகொள்ள வேண்டுமானால் அது சீக்கிரமே வரும். நேற்றிரவு எஸ்பிஎஸ் 6 அரட்டையில் யார் என்ன உளறினார், கேஆர்ஓ-என்சிஆர்வியில் விவசாயிக்குப் பெண் தேடும் நிகழ்ச்சியில் (இது மட்டும் என்பிஓவில்) யார் யாரைத் தேர்ந்தெடுத்தார் என்பதுதான் இங்கே பாதிப் பேச்சு. குழந்தைகள் இருந்தால் நவம்பரில் சின்டர்கிளாஸ் (குழந்தைகளுக்குப் பரிசு கொண்டுவரும் டச்சுப் பண்டிகைத் தாத்தா) பற்றிய தினசரிச் செய்தித் தொகுப்பைத் தவறவிட முடியாது. பள்ளியில் அதை வைத்தே நாள் ஓடும். அது என்பிஓவில்தான் வருகிறது, இலவசம்.

வாங்குவதற்கு முன் வீட்டு இணைய ஒப்பந்தத்தை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். டிவி ஏற்கெனவே பொட்டலத்தில் இருந்து, முதல் ஆண்டு இன்னும் முடியவில்லை என்றால், இரண்டுக்கும் காசு கட்டுவதில் அர்த்தம் இல்லை. அந்த ஆண்டை ஓட்டிவிடுங்கள். முதல் ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டால் ஒரு மாத அவகாசத்தில் நிறுத்தச் சட்டம் வழி விடுகிறது. அப்போது இணையத்தை மட்டும் வைத்துக்கொண்டு டிவியைக் கழற்றிவிடலாம். இணையம் மட்டும் எடுத்தால் எவ்வளவு, டிவியோடு எவ்வளவு என்று இரண்டு விலையையும் கேளுங்கள். சில பொட்டலங்களில் வித்தியாசம் என்எல்ஸீட் சந்தாவைவிடக் குறைவாகவே வரும். அப்படியானால் பாக்ஸையே வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் நண்பர் கோபித்துக்கொள்ள மாட்டார். வித்தியாசம் அதிகம் என்றால் என்எல்ஸீட்டை மாதச் சந்தாவில் எடுங்கள். வீட்டு டிவி பழசாக இருந்தால் அதன் மாடலில் செயலி கிடைக்கிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் குரோம்காஸ்ட் மாதிரி ஒரு சின்னக் கருவிக்குத் தனியாகச் செலவாகும்.